குடைக்காரம்மா பணக்காரி ஆன விதம்

கருணை இயக்ககம் என்று ஒரு அலுவலகம் இருந்தது. பரம ஏழைகளுக்கு இரக்கம் காட்டுவதற்கென்றே ஏற்பட்ட அலுவலகம். வேறு வேலை அதற்குக் கிடையாது. ஐந்து மாடிக் கட்டடம், முன்னால் புல்வெளி, புல்வெளியில் யாரும் உட்காரக் கூடாது என்று ஒரு பலகை. உள்ளே நுழைந்தவுடன் சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கும். இரண்டு கைகள் ஏந்தியிருக்கும், இரண்டு கைகள் நீண்டிருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. வரைந்தவர் முடிக்க மறந்துவிட்டாரா, இல்லை இயக்ககத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வரைந்தாரா என்று இன்றுவரை யாரும் விசாரிக்கவில்லை.

இந்தக் கட்டடத்தின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, நடைபாதையில் குடியிருந்தாள் குடைக்காரம்மா. குடை பழுது பார்ப்பது தொழில். கம்பி ஒடிந்த குடை, துணி கிழிந்த குடை, காற்றில் மலர்ந்து மடங்க மறுக்கும் குடை எல்லாம் அவள் மடிக்கு வரும். இயக்ககத்தின் அதிகாரிகளும் அவளிடம்தான் கொடுப்பார்கள். கார் கண்ணாடி கொஞ்சம் இறங்கும், ஒரு குடை வெளியே நீளும், கண்ணாடி ஏறிவிடும். அதனால் அவர்களுடைய கைகளை அவளுக்கு நன்றாகத் தெரியும், அவளை அவர்களுக்குத் தெரியாது.

சுவர்தான் அவள் வீட்டின் பின்சுவர். அதன் மேலிருந்த கம்பியில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, மறுமுனையை இரண்டு மூங்கிலில் நிறுத்தியிருந்தாள். அதற்குள் அவள், மகள், மருமகன் என மூன்று பேர். மகளுக்கு இது நிறைமாதம். நாலாவது ஆள் எந்த நேரமும் வந்து சேரலாம். மழைக்காலமும் அதே நேரம் பார்த்து வந்துகொண்டிருந்தது. பிறக்கப்போகிற பிள்ளையை நடைபாதையில், சேற்றுத் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் கிடத்த வேண்டுமே என்று குடைக்காரம்மா தார்ப்பாயின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

இடம் இல்லாமல் இல்லை. இயக்ககத்துக்குப் பின்னாலேயே 'புது விடியல் இல்லம்' இருந்தது. பரம ஏழைகள் தங்குவதற்காகக் கட்டியது. மருமகன் பெயிண்டர் என்பதால், அந்த அறைகளுக்கு வண்ணம் பூசியதே அவன்தான். தினமும் வேலை முடிந்து வந்து, அந்த அறைகளைப் பற்றித்தான் பேசுவான்.

"அத்தை, ஒவ்வொரு அறையிலயும் கட்டில் இருக்கு. மெத்தை மேல போட்ட பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கல. ஜன்னல் இருக்கு, உள்ளயே குழாய் இருக்கு. தினம் பெருக்கித் துடைக்க ஆள் வர்றாங்க."

"யாரு இருக்கா உள்ள?"

"ஒருத்தரும் இல்ல. கட்டின நாள்லேர்ந்து காலிதான்."

மகள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பாள். "ஒரே ஒரு அறை கிடைச்சா போதும்மா. பிள்ளைக்குக் கொஞ்சம் உடம்பு தேறுற வரைக்கும்," என்பாள். அவள் அப்படி ஆசைப்பட்டு எதையும் கேட்டதே கிடையாது. ஒரு நாள் காலையில் குடைக்காரம்மா புடவையை உதறிக் கட்டிக்கொண்டு இயக்ககத்துக்குள் போனாள்.

வரவேற்பு மேசையில் இருந்தவர் சிரித்த முகம். சிரிப்பதற்கு அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள்.

"இல்லத்துல இடம் இருக்குங்களா?"

"நிறைய இருக்கும்மா. எல்லா அறையும் காலி."

"அப்ப எங்களுக்கு ஒண்ணு குடுங்க."

"காலியா இருந்தா குடுத்துட முடியுமாம்மா? அது தகுதியானவங்களுக்காகக் காலியா இருக்கு."

"நாங்க நடைபாதையில இருக்கோம் சார். இதோ, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்."

"அத நீங்க சொல்லக் கூடாது, கருவி சொல்லணும். கணக்கெடுக்க ஆள் வருவாங்க. சிரமப்படாம வீட்டுலயே இருங்க."

வீட்டிலேயே இருப்பதில் அவளுக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. தொழிலும் அங்கேதான். ஒரு வாரம் கழித்துக் கணக்கெடுப்புப் பெண் வந்தாள். சின்னப் பெண், களைத்த முகம், கையில் பலகை மாதிரி ஒரு கருவி. அதிலுள்ள கேள்விகளைத் தயாரிக்க நிபுணர் குழு ஒன்று பல நாடுகளைச் சுற்றி வந்ததாம். ஏழ்மையை எங்கெங்கே பார்க்கலாமோ அங்கெல்லாம் விமானத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிய கேள்விகள்.

"அம்மா, உங்க வீட்டுச் சுவர் எதுல கட்டினது?"

"பின்னால ஒரு சுவர்தான் கண்ணு. செங்கல்லு, மேல சிமெண்டுப் பூச்சு."

"சிமெண்டு. மத்த மூணு பக்கம்?"

"மத்த மூணு பக்கமும் காத்துதான்."

"காற்றோட்டம், மிக நன்று," என்று படித்துக்கொண்டே பெண் திரையைத் தட்டினாள். "ராத்திரியில வெளிச்சம் இருக்குமா?"

"தெருவிளக்கு நேர் தலைக்கு மேல. கண்ண மூடினாலும் வெளிச்சம் போகாது."

"மின்சாரம், தடையில்லாமல். தண்ணி?"

"தோட்டத்துக் குழாய்லேர்ந்து காவல்காரத் தம்பி ஹோஸப் போட்டு நீட்டுவாரு. அவரு புண்ணியத்துலதான் பொழப்பு ஓடுது."

"தோட்டம், உண்டு. குழாய்த் தண்ணீர், உண்டு. குளிர்சாதன வசதி?"

"ஏசியா? அது மேல ஓடுது. தண்ணி மட்டும் எங்க தார்ப்பாய் மேல சொட்டும். வாளி வெச்சிருக்கேன்."

"ஏசி இருக்கா இல்லையான்னு மட்டும்தான் கேக்குதும்மா."

"இருக்கு. அதான் சொட்டுதே."

"வீட்டு வாசல்ல வாகனம் நிக்குமா?"

"நிக்காம என்ன? ஒரே கார்தான். சில நாள் நாங்க வெளிய வர்றதுக்கே வழி இருக்காது."

"பாதுகாப்பு?"

"பகல்ல ஒரு காவல்காரர், ராத்திரி ஒருத்தர்."

பொய் சொல்வதாயிருந்தால் சொல்லியிருக்கலாம். குடைக்காரம்மாவுக்கு அது வராது. கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொன்னாள். கடைசியில், பெண் ஒரு பொத்தானை அழுத்தினாள். வானத்தில் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிற செயற்கைக்கோள் குனிந்து பார்த்து, நடைபாதைக்கெல்லாம் முகவரி கிடையாது என்பதால், பக்கத்தில் இருந்த முகவரியைக் கொடுத்தது. கருணை இயக்ககம், தரைத்தளம் முதல் ஐந்தாம் மாடி வரை. திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

பெண்ணின் விரல் அப்படியே நின்றது.

"என்ன கண்ணு சொல்லுது?"

"மிக உயர்ந்த வசதிப் பிரிவுன்னு சொல்லுதும்மா. உங்களுக்கு மேல இந்த ஊர்ல ரொம்பக் கொஞ்சம் பேர்தான் இருக்காங்க."

"யாரு, நாங்களா?"

"கண்ணால பாக்கிறத எழுத இதுல இடம் இல்லம்மா. கேள்விக்குப் பதில் மட்டும்தான் உள்ள போகும்." பெண் பையிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து மகளின் பக்கத்தில் வைத்தாள். "நாங்க யாருக்கும் எதுவும் கையால குடுக்கக் கூடாது. குடுத்தா வேலை போயிடும். இத நான் மறந்து வெச்சிட்டுப் போறேன், சரியா? அக்கா சூடா இருக்கும்போதே சாப்பிடட்டும்."

இயக்ககம் ஏற்பட்ட நாளிலிருந்து அதன் ஊழியர் ஒருவர் ஓர் ஏழைக்குச் சோறு போட்டது அன்றுதான். அதுவும் மறதியில் நடந்ததாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் குடைக்காரம்மா துணை இயக்குநரைப் பார்க்கப் போனாள். முதல் மாடியில், அவளுடைய தார்ப்பாய்க்கு நேர் மேலே இருந்தது அவர் அறை. அவருடைய ஏசித் தண்ணீரில்தான் அவள் பாத்திரம் கழுவினாள். அந்த வகையில் இருவரும் ரொம்ப நாளாக உறவு என்றுகூடச் சொல்லலாம்.

"பாருங்கம்மா," என்றார் துணை இயக்குநர். "மனுஷங்க முடிவெடுத்தா என்ன ஆகும்? முகத்தப் பாப்பாங்க, கண்ணீரப் பாப்பாங்க, பிள்ளைத்தாச்சின்னு வயித்தப் பாப்பாங்க. மனசு இளகிடும். எல்லாரும் மனசு இளகி உக்காந்துட்டா ஏழைங்களுக்கு நியாயம் எப்படிக் கிடைக்கும்? அதனாலதான் எல்லாத்தையும் கருவிகிட்ட விட்டுட்டோம். அது யாரையும் பாக்காது."

"சார், நீங்க அந்த ஜன்னலத் திறந்து கீழ பாத்தீங்கன்னா எங்க வீடு தெரியும்."

"ஜன்னலத் திறந்தா ஏசி வீணாகும். அதோட, ஜன்னல் வழியா பாக்கிறது கள ஆய்வாகாது. கள ஆய்வுன்னா வண்டியில போகணும். ஒரு நாள் வர்றேன்."

"அப்ப எங்களுக்கு அறை இல்லைன்னு சொல்றீங்களா?"

துணை இயக்குநர் புண்பட்டுப் போனார். "இல்லைன்னு நாங்க யாருக்கும் சொன்னதே கிடையாதும்மா. இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூட. 'இன்னும் இல்லை'ன்னுதான் சொல்லியிருக்கோம்."

சும்மா சொல்லக் கூடாது, கள ஆய்வுக்கு வருவதாகச் சொன்னவர் வரத்தான் செய்தார். அவரும் இரண்டு உதவியாளர்களும் ஜீப்பில் ஏறினார்கள். இயக்ககத்தின் வண்டிகள் பின்வாசல் வழியாகத்தான் வெளியே போகலாம். பின்வாசல் தெரு ஒருவழிப்பாதை. அது சந்தைக்குப் போகும், சந்தையிலிருந்து பாலத்துக்கு, பாலத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு. அங்கே நெரிசலில் மாட்டி, வெயிலில் வெந்து, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி, அவர் அறை ஜன்னலுக்கு நேர் கீழே வந்து இறங்கினார்கள். துணை இயக்குநரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னம்மா, இவ்வளவு தூரத்துல இருக்கீங்க?" என்றார்.

மனிதர் களைத்துப்போயிருப்பதைப் பார்த்துக் குடைக்காரம்மாவுக்குப் பாவமாக இருந்தது. தன்னிடமிருந்த ஒரே டிரங்குப் பெட்டியின் மேல் அவரை உட்கார வைத்தாள். பானையிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். மகள், முடியாத உடம்போடு ஓர் அட்டையை எடுத்து விசிறிவிட்டாள். அவர் தண்ணீரைக் குடித்து முடித்து, இன்னும் ஒரு டம்ளர் கேட்டு, அதையும் குடித்துவிட்டு உதவியாளரிடம், "எழுதிக்கோ. விருந்தினர உபசரிக்கிற அளவுக்கு வசதி இருக்கு," என்றார்.

ஆனாலும் அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. போகும்போது ஒரு யோசனை சொன்னார். "குத்தம் உங்க மேல இல்லம்மா, நீங்க இருக்கிற இடத்து மேல. வீட்டக் கொஞ்சம் இடது பக்கமா நகர்த்திப் பாருங்க. எங்க கட்டடத்துலேர்ந்து தள்ளி வந்துட்டா செயற்கைக்கோளுக்குக் குழப்பம் இருக்காது."

நகர்த்தினார்கள். மருமகன் மூங்கிலைத் தூக்க, காவல்காரத் தம்பி தார்ப்பாயைச் சுமக்க, மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வர, வீடு இடது பக்கம் போயிற்று. கணக்கெடுப்புப் பெண் வந்து பொத்தானை அழுத்தினாள். அந்த இடம் வங்கியின் முகவரி. குடைக்காரம்மாவின் வசதி இன்னும் ஒரு படி ஏறியது. எதிர்ப்பக்கத்துக்குப் போனார்கள். அங்கே நகைக்கடை. பச்சை விளக்கு போய்க் கருவியில் தங்க நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அந்த நிறம் அதில் இருப்பதே அந்தப் பெண்ணுக்கு அன்றுதான் தெரியும்.

"போதும்மா, நகராதீங்க," என்றாள் பெண். "நீங்க போற பக்கமெல்லாம் பணம் கொட்டுது."

"ஏழைங்கன்னு இந்தக் கருவி யாரைத்தான் சொல்லும்?"

"ஊருக்கு வெளிய கால்வாய் ஓரமா இருந்தவங்களச் சொல்லியிருக்கும். அதுக்குள்ள அந்த இடத்தக் காலி பண்ணிட்டு எங்க பயிற்சி மையத்தக் கட்டிட்டாங்க."

கருவியில் பழைய முகவரியையே மறுபடி ஏற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பினார்கள். அங்கேயாவது தண்ணீர் உண்டு. மகள் படுத்துக்கொண்டு தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விடும்மா. எத்தனையோ பிள்ளைங்க நடைபாதையில பொறக்கல?" என்றாள். மகள் ஆசையை விட்டுவிட்டாள் என்று தெரிந்தபோதுதான் குடைக்காரம்மாவுக்கு அழுகை வந்தது. குடை தைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

இதற்கிடையில் கருவி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பரம ஏழைகளின் விவரம் இல்லத்துக்குப் போகும், பெரும் பணக்காரர்களின் விவரம் ஐந்தாம் மாடியிலுள்ள நன்கொடையாளர் பிரிவுக்குப் போகும். அப்படித்தான் அதை அமைத்திருந்தார்கள். முதல் வழியில் இதுவரை ஒருவரும் போனதில்லை. இரண்டாவது வழியில் குடைக்காரம்மா போனாள்.

நன்கொடையாளர் பிரிவின் தலைவர் முகவரியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். இயக்ககம் இருந்தது வாடகைக் கட்டடத்தில். உரிமையாளரை யாரும் பார்த்ததில்லை, எல்லாம் ஒரு தரகர் மூலம்தான். தரைத்தளம் முதல் ஐந்தாம் மாடி வரை ஒரு பெண்மணியின் வீடு என்று கருவியே சொன்னால், அவர் யாராக இருக்க முடியும்? தலைவர் ஓடிப்போய் இயக்குநரிடம் சொன்னார். வாடகையை உயர்த்தப்போவதாகத் தரகர் வேறு போன மாதம்தான் மிரட்டியிருந்தார். இயக்குநருக்கு வியர்த்துவிட்டது.

அன்று மாலையே தலைவர் பூங்கொத்தோடு நடைபாதைக்கு வந்தார். குடைக்காரம்மா கால் நீட்டி உட்கார்ந்து, யாரோ ஒருவரின் கறுப்புக் குடையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அது அவருடைய குடைதான். அவர் கவனிக்கவில்லை.

"அம்மா, எங்க ஆண்டு விழாவுக்கு நீங்க சிறப்பு விருந்தினரா வரணும்."

"நான் எதுக்குங்க? நான் குடை தைக்கிறவ."

தலைவர் புரிந்துகொண்டதுபோலப் புன்னகை செய்தார். பெரிய பணக்காரர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒருவர் தோட்ட வேலை செய்வார், ஒருவர் மண்பாண்டம் செய்வார். "நல்ல பொழுதுபோக்கும்மா," என்றார்.

"நாங்க இங்க நடைபாதையிலதான் இருக்கோம்."

"எளிமைன்னா இதுதான் எளிமை," என்று கண் கலங்கினார் தலைவர்.

அவர் போன பிறகு, காவல்காரத் தம்பி வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். குடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இயக்குநர் அங்க இருப்பாருல்ல தம்பி? கருவி, வண்டி எதுவும் இல்லாம அவர்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசிட்டா போதும். போய்ட்டுதான் வர்றேன்," என்றாள்.

விழா அன்று பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. மருமகனையும் காவல்காரத் தம்பியையும் மகளுக்குத் துணை வைத்துவிட்டு அவள் மட்டும் போனாள். தரைத்தள அரங்கில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். நாற்காலி மெத்தென்று உள்வாங்கியது. விழாவுக்கு ஏற்பாடு செய்திருந்த டாக்டர், நன்கொடையாளர்களில் யாருக்காவது மூச்சு முட்டினால் பார்க்க, ஓரமாகத் தயாராக நின்றார். வெளியே மழை கொட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மேடையில் இயக்குநர் பேசினார்.

"ஏழைக்கு ஒரு வாய் சோறு போடுறது ரொம்ப சுலபம். யார் வேணா செஞ்சிடலாம், படிக்காதவங்ககூடச் செஞ்சிடறாங்க. அந்த ஏழையைப் புரிஞ்சுக்கிறதுதான் கஷ்டம். நாம கஷ்டமான பாதையத் தேர்ந்தெடுத்தோம்." கைதட்டல். "நம்ம இல்லத்த எடுத்துக்குங்க. தகுதி இல்லாத ஒரே ஒரு ஆள்கூட இன்னிக்கு வரைக்கும் அந்த வாசப்படி ஏறினதில்ல. உலகத்துல எத்தனை இல்லம் இப்படிச் சொல்ல முடியும்?" பலத்த கைதட்டல். "இந்த வருஷமும் நமக்கு வந்த நிதியில ஒரு துளிகூட ஏழைங்க கைக்குப் போய் வீணாகல. அவ்வளவும் அவங்களப் பத்தி யோசிக்கிறதுக்கே பயன்பட்டிருக்கு."

குடைக்காரம்மா தன் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் அவளை மேடைக்கு அழைத்தார்கள். நன்கொடையாளர் பிரிவின் தலைவர் ஒலிபெருக்கியை அவள் உயரத்துக்கு இறக்கி வைத்தார்.

"எனக்குப் பேச வராதுங்க," என்றாள். "நான் குடை தைக்கிறவ. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நடைபாதையில இருக்கோம். என் பொண்ணுக்கு எப்ப வேணா வலி வரலாம். மழை வேற பிடிச்சுக்கிச்சு. பின்னால இருக்கிற அறையில ஒண்ணு குடுத்தீங்கன்னா, பிள்ளைக்கு உடம்பு தேறின உடனே காலி பண்ணிடறோம். எங்களுக்கு வேற எதுவும் வேணாம்."

அரங்கத்தில் எல்லோரும் எழுந்தார்கள். கைதட்டல் ஓயவே இல்லை. முன்வரிசையில் ஓர் அம்மையார் மூக்கை உறிஞ்சினார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமா நாம ஏழைகளைப் புரிஞ்சுக்கப் பாடுபடறோம்," என்றார் தழுதழுத்த குரலில். "இந்த அம்மா நம்ம கண்ணு முன்னால ஏழையாவே மாறிக் காட்டிட்டாங்க. அந்தக் குரல் நடுங்குச்சு பாருங்க. பயிற்சி மையத்துல இவங்க பேச்ச முதல் பாடமா வெக்கணும்."

"சார், நான் மாறிக் காட்டல சார்."

"அந்த அடக்கம் இருக்கே!" என்றார் இயக்குநர்.

அப்போதுதான் காவல்காரத் தம்பி நனைந்த கோலத்தில் அரங்குக்குள் ஓடி வந்தான். "அக்கா, வலி எடுத்திடுச்சு. தார்ப்பாய் ஒரு பக்கம் சரிஞ்சிடுச்சு. மாப்பிள்ளை தலையால முட்டுக் குடுத்துக்கிட்டு நிக்கறாரு. உடனே வாங்க."

குடைக்காரம்மா மேடையிலேயே இயக்குநரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், உங்க பிள்ளையா நெனச்சுக்குங்க. பின்னால இருக்கிற அந்த அறை. ஒரே ஒரு அறை சார்."

இயக்குநர் பதறிப்போனார். "அந்த அறையா? உங்க பொண்ணுக்கா? ஐயையோ, அது பரம ஏழைகளுக்கானதும்மா. அத உங்களுக்குக் குடுத்தா அவங்க வயித்துல அடிச்ச மாதிரி ஆகிடும். என் மனசாட்சி ஒத்துக்காது."

"அப்ப நான் எங்க சார் போவேன்?"

"எங்க போறதா? அஞ்சாம் மாடியில நன்கொடையாளர்களுக்குன்னு விருந்தினர் அறை வெச்சிருக்கோமே. உங்க தகுதிக்கு அது சின்னதா இருக்குமேன்னுதான் கூச்சமா இருக்கு."

"அதுக்கு ஏதாவது கணக்கெடுப்பு, கருவி..."

"உங்ககிட்டயாம்மா? உங்ககிட்ட போய் யாராவது தகுதி கேப்பாங்களா?"

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால், இயக்ககத்துக்கு இவ்வளவு வேகம் உண்டா என்று யாருக்கும் ஆச்சரியமாக இருக்கும். புல்வெளி மேலேயே ஸ்ட்ரெச்சர் ஓடியது. ஐந்து அதிகாரிகள் ஐந்து குடை பிடித்தார்கள். ஐந்தும் குடைக்காரம்மா தைத்தவை, ஒன்றுகூட ஒழுகவில்லை. மகள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டடத்துக்குள் வந்தபோது துணை இயக்குநர் லிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வணங்கி நிற்கும் இயக்குநரைப் பார்த்தார். இவர்கள் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"நான் அப்பவே சொன்னேன் சார்," என்றார் இயக்குநரிடம். "கருவி பொய் சொல்லாது."

மருமகன் நீல பெயிண்ட் அப்பிய சட்டையோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பின்னாலேயே ஓடினான். யாரோ அவனை நிறுத்தப் போனார்கள். "விடுங்க, அவங்க மாப்பிள்ளை. ஓவியராம்," என்று நன்கொடையாளர் பிரிவின் தலைவர் தடுத்துவிட்டார்.

டாக்டர் மகளை அந்த விருந்தினர் அறையைவிட்டு நகர்த்தவே விடவில்லை. இனி எங்கேயும் கொண்டுபோக நேரமில்லை என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார். வெந்நீர் கேட்ட உடனே வந்தது, துணி கேட்ட உடனே வந்தது, பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வந்தார். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. குடைக்காரம்மா மகளின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்தான் கண்ணு, இன்னும் கொஞ்சம்தான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இருட்டுவதற்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. நல்ல கனம், நல்ல குரல். அந்தக் குரல் கீழே விழா அரங்கம் வரைக்கும் கேட்டதாகக் காவல்காரத் தம்பி பிறகு சொன்னான்.

அம்மாவும் பிள்ளையும் நலம் என்று டாக்டர் சொன்னதும் மருமகன் அறையின் ஒரு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சுவரில் பூச்சு சரியில்லை என்றும் சொன்னான். குடைக்காரம்மா, யாரோ கொண்டுவந்து வைத்த டீயைத் தொடாமல், பேத்தியை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். கீழே மழை நடைபாதையை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது. தார்ப்பாயும் இல்லை, மூங்கிலும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்பு இந்தப் பிள்ளை அங்கே பிறந்திருந்தால் என்ற நினைப்பு வந்ததும் அவள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். இயக்குநரேதான். கையில் பழக்கூடை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டு, வந்து, குழந்தையை எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் வசதியா இருக்காம்மா? ஏதாவது குறை இருந்தா தயங்காமச் சொல்லணும்."

குடைக்காரம்மாவுக்கு மனசு கரைந்துவிட்டது. இவ்வளவு செய்த மனிதர். நாங்கள் கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் இல்லை, சுவருக்கு வெளியே இருப்பவர்கள்தான் என்று இன்னொரு தடவை நிதானமாக எடுத்துச் சொன்னால், இப்போதாவது காதில் விழும். வாயைத் திறந்தாள். கையில் பேத்தி உதட்டைச் சப்புக் கொட்டிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். குடைக்காரம்மா ஜன்னல் வழியாகக் கீழே ஒரு தடவை பார்த்தாள். பிறகு, வாழ்க்கையில் முதல்தடவையாக, ஒரு பணக்காரி மாதிரி பேசினாள்.

"டீ ஆறிப்போயிருக்கு," என்றாள்.

"அடடா, மன்னிக்கணும்மா," என்று இயக்குநர் டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினார்.

மகள் கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, பாவம் அவரு. உண்மையச் சொல்லிடலாம்ல. நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு."

"நல்ல மனுஷன்தான்டி, யாரு இல்லைன்னா?" என்றாள் குடைக்காரம்மா. "நாம ஏழைன்னு தெரிஞ்சா ரொம்ப வருத்தப்படுவாரு. வருத்தப்பட்டுக்கிட்டே நம்மள இந்த மழையில வெளிய அனுப்பிடுவாரு. பேசாம படு."